வெள்ளச்சியின் இடது கால்

வெள்ளச்சியை விலை பேசிய அன்று கரையில் நின்றவர்கள்:

டொக்டர் அருள்மலர். படகுக்குச் சொந்தக்காரி. வலது கையைத் துணியால் கழுத்தோடு கட்டித் தொங்கவிட்டிருந்தார். தோளில் இரண்டாவது ஒப்பரேஷன்.

நிரஞ்சன். படகை வாங்க வந்தவர். ஊர் திருகோணமலை.

தர்ஷினி. அவருடைய மனைவி. ஆஸ்பத்திரியில் தாதி.

செபமாலை அண்ணன். எங்கள் பட்டறையில் போர்மனாக இருந்தவர். தேற்றாத்தீவிலிருந்து பஸ்ஸில் வந்தார். தோய்த்து மடித்த சாரன், வெள்ளைச் சேட்டு.

தவராசா. பழைய இரும்பு எடுக்கிறவர். அவரை அன்று யாரும் கூப்பிடவில்லை. லொறியைத் தெருவில் விட்டுவிட்டு இறங்கி வந்து நின்றார்.

நான். தம்பிப்பிள்ளை. ஆரையம்பதி. அதே பட்டறையில் முப்பத்தொரு வருடம். இப்போது வீட்டில்.

பட்டறையில் புதிதாக ஈரம் பார்க்கிற மெசின் ஒன்று வாங்கியிருக்கிறார்கள். படகின் உடம்பில் வைத்தால் இலக்கம் காட்டும். மெசின் இல்லாத காலத்தில் நீங்கள் எப்படிப் பார்த்தீர்கள், பட்டறைச் சங்க மலருக்கு எழுதித் தாருங்கள் என்று கேட்டார்கள். நான் எட்டாம் வகுப்பு. வளைத்து எழுத வராது. இந்த ஒரு படகைப் பற்றி எழுதுகிறேன்.

வெள்ளச்சி பாய்ப்படகு. இருபத்துநாலு அடி. பைபர் உடம்பு. வெளிநாட்டுக்காரர் ஒருவர் கடலால் ஓட்டிவந்து திருகோணமலையில் விட்டுப் போனது. டொக்டர் அதை வாங்கி எங்கள் உப்புநீர் வாவிக்குக் கொண்டுவந்தார். நடுவில் ஓர் அறை. நாலு பேர் படுக்கலாம். நிமிர்ந்து நிற்க ஏலாது. ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு, கோப்பை கழுவ ஒரு சின்னத் தொட்டி. பாய்மரத்தின் அடியில் கீல் இருக்கிறது. கல்லடிப் பாலத்துக்குக் கீழால் போகும்போது மரத்தைப் படுக்க வைத்து, அங்கால் போய் நிமிர்த்தலாம்.

அடியில் இரண்டு இரும்புக் கால். ஒவ்வொன்றும் நாலு ஆள் தூக்கும் பாரம். காற்று பாயில் அடிக்கும்போது படகு கவிழாமல் பிடிப்பது அந்தக் கால்கள்தான். தண்ணீர் வற்றினால் இரண்டு காலிலும் சேற்றில் கொக்கு மாதிரி நிற்கும். வாவிக்கென்றே செய்தது போல இருந்தது.

பெயர் டொக்டர் வைத்ததல்ல. மீன்பிடிக்கிற ஆட்கள் வைத்தது. முதலில் டொக்டருக்குப் பைத்தியம் என்றார்கள். பொம்பிளை தனியப் பாய் இழுத்துக்கொண்டு எங்கே போகிறாள் என்றார்கள். டொக்டர் எங்கேயும் போகவில்லை. ஞாயிறு பூசை முடிய வந்து ஏறுவார். மண்முனை வரைக்கும் போவார். தேத்தண்ணி வைத்துக் குடிப்பார். திரும்பி வருவார். இரண்டு வருடத்தில் சனம் பழகிவிட்டது. வலை இழுக்கிறவர்கள் அவருக்கு இறால் எறிந்தார்கள். அவர் காய்ச்சல் குளிசை எறிந்தார்.

நன்றாக வைத்திருந்த படகு என்று எல்லோரும் தங்கள் படகைச் சொல்வார்கள். இதை நான் சொல்கிறேன். ஒவ்வொரு முறையும் கயிறுகளைக் கிணற்றுத் தண்ணீரில் அலசி நிழலில் தொங்கவிடுவார். மெத்தைகளை நிமிர்த்தி வைப்பார், காற்றுப் படட்டும் என்று. குறடு, சுத்தியல் என்று ஒவ்வொரு ஆயுதமும் எந்த இடம் என்று பலகையில் கோடு கீறி வைத்திருந்தார். நான் ஒருநாள் குறடை மாற்றி வைத்துவிட்டேன். மறுநாள் போன் வந்தது. “தம்பிப்பிள்ளை, குறடு ஸ்குரூ ட்ரைவர்ர கட்டில்ல படுத்துக் கிடக்கு.”

வருடத்துக்கு ஒருமுறை சித்திரையில் அவளைக் கரையேற்றி அடியைச் சுரண்டி மை பூசுவது என் வேலை. அவளை என்றுதான் எழுத வருகிறது. விடுகிறேன்.

செபமாலை அண்ணன் என்னை வேலைக்கு எடுத்தவர். என்னைவிட ஆறு வயது மூப்பு. அவர் கத்தியதை நான் கேட்டதில்லை. வேலை பிழையானால் கிட்ட வந்து பார்ப்பார். “சாப்பிட்டியா?” என்பார். “போய்ச் சாப்பிட்டு வா மனே.” நாம் சாப்பிட்டு வருவதற்குள் நாம் செய்த வேலையைத் தன் கையால் பிய்த்து எறிந்திருப்பார். பிறகு ஒன்றும் பேசமாட்டார். திரும்பச் செய்ய வேண்டியதுதான். முதல் மாதம் நான் பதினொரு தரம் சாப்பிட்டேன். பழகிய காலம் பற்றி அவ்வளவுதான்.

அவருடைய ஆயுதம் ஓர் ஐந்து ரூபா நாணயக் குற்றி. அதன் விளிம்பால் படகின் உடம்பில் தட்டுவார். காது கிட்ட இருக்கும். நல்ல இடம் டிங் என்னும். உள்ளே படை பிரிந்த இடம், ஈரம் குடித்த இடம் தொப் என்னும். தொப் என்ற இடத்தைச் சுற்றிப் பென்சிலால் வட்டம் போடுவார். அதற்குள் உள்ளது முழுக்க வெட்டி எறிய வேண்டும்.

வெட்டின பிறகுதான் பெரிய வேலை. காயவைப்பது. பைபர் வேலையில் ஒட்டுவது அரை நாள், காய்வது பத்து நாள். ஈரத்தின் மேல் ஒட்டினால் பிடிக்காது. பிடித்தது போல இருக்கும். பாரம் வரும்போது விட்டுவிடும்.

காய்ந்ததை எப்படி அறிவது? நாக்கால்.

சிரிப்பு வரும் என்று தெரியும். முறை இதுதான். வெட்டின இடத்தை நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும். துடைத்து விட வேண்டும். உள்ளே ஈரம் இருந்தால் அது கசிந்து வரும். வரும்போது வாவியின் உப்பையும் கொண்டு வரும். காலையில் போய் நாக்கை வைத்தால் கரிக்கும். திரும்பக் கழுவு. திரும்ப விடு. ஒருநாள் கரிக்காது. இரண்டாம் நாளும் கரிக்காது. மூன்று நாள் அடுத்தடுத்துக் கரிக்காவிட்டால் உள்ளே ஒன்றும் இல்லை. அப்போது மூடலாம்.

இந்த முறையில் நூறு படகுக்கு மேல் மூடியிருக்கிறோம். ஒன்றும் திரும்பி வரவில்லை.

ஒரு மாரியில் வெள்ளம் வந்தது. கயிறு அறுந்து வெள்ளச்சி இழுபட்டுப் போனாள். கல்லடிப் பக்கம் தண்ணீருக்குள் கிடந்த பழைய கட்டை ஒன்றில் இடது கால் அடித்தது. காலும் உடம்பும் சேர்கிற இடம் வெடித்துவிட்டது. அந்த இடத்துக்கு உட்புறமாக ஒரு தடித்த பலகை இருக்கிறது. கால் பூட்டுகிற ஆணிகள் அந்தப் பலகையால்தான் போகின்றன. பலகைக்கு மேலேயும் கீழேயும் பைபர் மூடியிருக்கும். வெடிப்பால் பலகை தண்ணீர் குடித்துவிட்டது.

எட்டுப் பேர் சேர்ந்து அவளைப் பட்டறைக்கு இழுத்தோம். மேலால் படங்குத் துணி கட்டினோம். மழை விடவில்லை. டொக்டர் தினமும் குடையோடு வந்து நின்றார். ஒன்றும் கேட்கமாட்டார். நிற்பார். அதுதான் கரைச்சல். கேட்டால் பதில் சொல்லலாம்.

செபமாலை அண்ணன் ஊரில் அகப்பட்டுவிட்டார். தெருவுக்கு மேலால் வெள்ளம். போனில்தான் கதை.

“வெட்டிட்டன் அண்ணன். மூண்டு நாளா நாக்கு வைக்கிறன்.”

“கரிக்குதா?”

“இல்ல.”

“மூண்டு நாளும்?”

“மூண்டு நாளும்.”

“அப்ப மூடு மனே. மறுகா என்னத்துக்குக் காவல்?”

மூடினேன். ஆறு படை பைபர் போட்டேன். என் கையால் போட்டதில் அதுதான் நல்ல வேலை என்று அன்று நினைத்தேன். ஓரம் கண்ணுக்குத் தெரியவில்லை. டொக்டர் கையால் தடவிப் பார்த்துவிட்டு, “எங்க அடிபட்டதெண்டு நீங்க சொன்னாத்தான் தெரியும்” என்றார்.

பிழை சித்திரையில் தெரிந்தது. அடி சுரண்டும்போது சும்மா குற்றியால் தட்டினேன். தொப்.

இன்னொரு தரம் தட்டினேன். தொப்.

சேற்றில் குந்திவிட்டேன். யோசிக்க நேரம் எடுக்கவில்லை. தலைக்கு மேலே உள்ளதைப் பார்க்கப் பிந்தியது போல இருந்தது. மாரி வெள்ளம் வந்தால் ஆற்றுத் தண்ணீர் எல்லாம் வாவிக்குள் இறங்கும். வாவி இனித்துவிடும். அந்த மாதம் அதில் உப்பே இல்லை. மாடு குடிக்கும். பலகை குடித்தது நல்ல தண்ணீர். அது எத்தனை நாள் கசிந்தாலும் நாக்கில் கரிக்குமா? நான் ஈரத்தின் மேல் நாக்கை வைத்துவிட்டு ஈரமில்லை என்றிருக்கிறேன்.

வேறு ஊர்க்காரன் செய்தால் சொல்லலாம். நான் இந்த வாவியில் நீந்திப் பழகியவன். மாரியில் எந்த மீன் கரைக்கு ஏறும், எது கடலுக்கு இறங்கும் என்று தெரிந்தவன். போனில் கேட்டவரும் அப்படித்தான். இரண்டு பேருக்கும் வரவில்லை.

செபமாலை அண்ணனைக் கூட்டிவந்தேன். படுத்துத் தட்டினார். பென்சிலால் வட்டம் போட்டார். ஒரு சாண் அகலம். எழும்பிச் சாரனைத் தட்டினார்.

“போய்ச் சாப்பிட்டு வா” என்றார்.

போய்ச் சாப்பிட்டேன்.  திரும்பி வந்தால் அவர் ஒன்றையும் பிய்க்கவில்லை. மணலில் இருந்தார். அப்படி அவரை நான் பார்த்ததில்லை.

“நான்தான் மூடச் சொன்ன நான்” என்றார்.

“நாக்கு வைச்சது நான்.”

“சும்மா இரிகா.” ஒரு பிடி மணலை அள்ளிக் கொட்டினார். பிறகு, “டொக்டர் கடலுக்குப் போறல்ல. வாவியில இடுப்பளவு தண்ணி. படகு தண்ணிக்குள்ள தாண்டு போனாலும் நடந்து கரைக்கு வந்திருவா.”

“வெட்டினா சொல்லத்தான் வேணும். சொல்லுவமா அவக்கு?”

“சொன்னா அவ நித்திர கொள்ளமாட்டா. அத நாம கொள்ளாம இரிப்பம்.”

அது சரியா பிழையா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஒவ்வொரு சித்திரையிலும் நான் அடியில் படுத்துத் தட்டினேன். வட்டம் பெருத்தால் அன்றைக்கே வெட்டுவது என்று பேச்சு. ஒன்பது சித்திரை. வட்டம் ஒரு சாணுக்கு மேல் போகவில்லை. ஒவ்வொரு முறையும் தேற்றாத்தீவுக்குப் போன் எடுப்பேன். “அப்படியேதான்” என்பேன். “ம்” என்பார். வைத்துவிடுவார்.

பிறகு டொக்டரின் தோள் விட்டுவிட்டது. பாய் ஏற்ற ஏலாது. படகு நிற்கிற காணியும் கைமாறிவிட்டது. புது ஆள் புரட்டாசி முடிய வேலி அடிக்கப் போகிறான். டொக்டர் போனில் விளம்பரம் போட்டார். எனக்கும் அனுப்பினார். பாய் இரண்டு, நங்கூரம் இரண்டு, அடுப்பு நல்ல நிலை, மெத்தை புதியது என்று ஒவ்வொன்றாக எழுதியிருந்தார். கடைசிக்கு முதல் வரி இது: ‘ஒருமுறை அடிபட்டது. முறையாகத் திருத்தப்பட்டது.’

அதை நான் பலமுறை வாசித்தேன்.

இரண்டு மாதம் ஒருவரும் வரவில்லை. தவராசா மட்டும் வந்தார். இரும்புக் கால், அலுமினியப் பாய்மரம், ஈயத் துண்டு எல்லாவற்றையும் கண்ணால் நிறுத்தார். ஆள் கிடைக்காவிட்டால் மாத முடிவில் வெட்டி ஏற்றுகிறேன் என்றார். டொக்டர் சரி என்றுவிட்டார். சொல்லிவிட்டு அறைக்குள் போய் அரை மணித்தியாலம் வெளியே வரவில்லை.

அப்போதுதான் நிரஞ்சன் போன் எடுத்தார். ஆவணி நடுப்பகுதி. ஆக, அன்று கரையில் இரண்டில் ஒன்று. திருகோணமலைக்காரர் எடுத்தால் வெள்ளச்சி படகாகப் போவாள். எடுக்காவிட்டால் தவராசாவின் லொறியில் துண்டாகப் போவாள்.

விற்பதற்கென்று அவளைக் கரையேற்றி நிறுத்தியிருந்தோம். நிரஞ்சன் கெட்டிக்காரர். மெத்தையைத் தூக்கி மணந்து பார்த்தார். கயிறுகளைப் பிரித்துப் பார்த்தார். பலகையில் குறடு இருந்த கோட்டைப் பார்த்துச் சிரித்தார். மனைவியைக் கூப்பிட்டார். “இஞ்ச வந்து பாரும், உம்மட வார்ட்டை விடத் துப்புரவு.”

“என்ர வார்ட்ட ஏன் இழுக்கிறீங்க? படகப் பாருங்க” என்றார் தர்ஷினி.

எங்கே ஓட்டப் போகிறீர்கள் என்று டொக்டர் கேட்டார்.

“கடல்லதான் டொக்டர். இஞ்சயிருந்து முகத்துவாரத்தால வெளிக்கிட்டு ஊருக்கு. பிறகு பள்ளிக்கூட லீவுக்கு ரெண்டு பிள்ளையளையும் ஏத்திக்கொண்டு பாசிக்குடா, அங்கால.”

 வாவியில் இடுப்பளவு. கடலில் காற்று முழுப்பாயில் அடிக்கும்போது பாரம் முழுக்க அந்தக் காலில் வரும்.

நிரஞ்சன் செபமாலை அண்ணனிடம் திரும்பினார். “ஐயா, நீங்கதான் இந்தப் படகைத் திருத்தின இடத்துப் போர்மன் எண்டு டொக்டர் சொன்னவ. உங்கட சொல்லுக் காணும் எனக்கு. கடலுக்குப் போகலாமா?”

செபமாலை அண்ணன் தொண்டையைச் செருமினார். சேட்டுப் பையைத் தடவினார். முப்பத்தொரு வருடத்தில் அவர் வாய் திறக்குமுன் நான் திறந்ததில்லை.

“போகேலாது” என்றேன். “இடது காலடியில ஈரம் கிடக்கு. நான் ஈரத்தோட மூடிப்போட்டன்.”

 தவராசா ஓரடி கிட்ட வந்தார்.

“எப்ப தெரியும்?” டொக்டர் கேட்டார்.

“ஒன்பது வருசம்.”

“ஒன்பது வருசம்.” அவர் என்னைப் பார்க்கவில்லை. படகைப் பார்த்தார். “அப்ப ஒவ்வொரு சித்திரைக்கும் நீங்க அடியில படுத்துக் கிடந்தது அதுக்குத்தானா?”

“ஓம்.”

“நான் நினைச்சன், உங்களுக்கு இவள்ள ஆசையெண்டு.”

“அதுவுந்தான்.”

அவர் சிரித்தாரா அழுதாரா என்று தெரியவில்லை. கட்டிய கையைத் தூக்கிக் கண்ணைத் துடைக்கப் பார்த்தார். ஏலவில்லை. மற்றக் கையால் துடைத்தார்.

“சொல்லியிருக்கலாம் தம்பிப்பிள்ளை.”

“ஓம்.”

செபமாலை அண்ணன் அப்போதுதான் பேசினார். “நான் சொல்லத்தான் வெளிக்கிட்ட நான். இவன் முந்திட்டான்.”

அது உண்மையா என்று நான் கேட்டதில்லை. உண்மை என்றுதான் வைத்திருக்கிறேன்.

தவராசா, “அப்ப நான் லொறியப் பின்னுக்கு எடுத்துக் கரைக்குக் கொண்டு வரட்டா?” என்றார்.

“நில்லுங்க” என்றார் தர்ஷினி. என்னிடம் வந்தார். எந்த இடம் என்றார். காட்டினேன். “இப்பவே துளை போடுங்க. கட்டி இருந்தா கீறிப் பாக்கிறதுதானே. வெளிய நிண்டு என்ன கதை?”

கைத்துளைப்பானை எடுத்துவந்தேன். வட்டத்தின் கீழ்ப்பக்கத்தில் வைத்தேன். என் ஆறு படையையும் நானே துளைத்தேன். இறுகிக் கிடந்தது. கடைசியில் உள்ளே போனது. இழுத்ததும் தண்ணீர் வந்தது. தேயிலைச் சாயம் போல. புளித்த மணம்.

செபமாலை அண்ணன் குனிந்து விரலில் தொட்டு நாக்கில் வைத்தார். துப்பினார்.

“வினாகிரிப் புளிப்பு” என்றார். பிறகு, “ஆனா கரிக்கல்ல.” எல்லோரையும் பார்த்தார். முகம் மாறிவிட்டது. “வெளங்குதா? இது அந்த மாரி வெள்ளம். ஒன்பது வருசம் படகு உப்புத் தண்ணியில மிதந்திரிக்கு. ஒரு சொட்டு உப்பு உள்ள போகல்ல. இவன் மூடின மூடல் அப்படி. உள்ள கிடந்ததுதான் பிழை, மூடினது பிழையில்ல.”

“அண்ணன், விடுங்க” என்றேன்.

“என்னத்த விடுற? நானெல்லோ உன்னைப் பழக்கின நான்.”

தர்ஷினிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நிரஞ்சன் சிரிக்கவில்லை. துளையின் முன் குந்தி, தண்ணீர் சொட்டி முடியும் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழும்பினார்.

“தம்பிப்பிள்ளை அண்ணன், திரும்பத் திறந்து மூடுவீங்களா?”

“மூடுவன்.”

“அப்ப நான் எடுக்கிறன் டொக்டர். இவர் மூடின பிறகு. வேற ஆள் மூடினா வேண்டாம்.”

“ஏன்?” என்றார் டொக்டர்.

“வேற ஆள் சொல்லமாட்டான்” என்றார் தர்ஷினி.

முடிவை இதிலேயே சொல்லிவிடுகிறேன். எடுத்தார்கள். வெள்ளச்சி இப்போது திருகோணமலையில் நிற்கிறாள். பாசிக்குடாவுக்கு இரண்டு முறை வந்து போயிருக்கிறாள். சித்திரையில் தர்ஷினி போன் எடுப்பார். ஒன்றும் சொல்லமாட்டார். போனைப் படகின் அடியில் வைத்துக் குற்றியால் தட்டுவார். டிங். “கேட்டிச்சா?” என்பார். கேட்டது என்பேன். டொக்டர் முதல் லீவுக்கு அவர்களோடு கடலுக்குப் போய்வந்தார். சுக்கானை இடது கையால் பிடித்தாராம்.

மிச்சம் காயவைத்த கதை.

இடது காலைக் கழற்ற வேண்டும். தூக்குவதற்குப் பட்டறையில் இருந்த சங்கிலிக் கப்பி பழுது. தவராசா தன்னுடையதைத் தந்தார். “கழட்டினத எனக்கே தந்தா என்னகா?” என்று கேட்டுக்கொண்டே நின்று இறக்கித் தந்தார். உள்ளே பலகை கறுத்து, கையால் பிட்டால் புட்டு மாதிரி உதிர்ந்தது. முழுக்கச் சுரண்டி எடுத்தேன். கிணற்றுத் தண்ணீரால் கழுவினேன். பிறகு வெயிலுக்கு விட்டேன்.

படகின் அடிக்கு வெயில் வராது. கூரைத் தகரத் துண்டு ஒன்றை மணலில் சாய்த்து வைத்து வெயிலைத் திருப்பி அடித்தேன். வெயில் நகர நகரத் தகரத்தையும் நகர்த்த வேண்டும். காலையிலிருந்து பின்னேரம் மட்டும் அதுதான் வேலை. வெயில் நாளை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு வந்தேன். நாக்கு வைக்கவில்லை. பட்டறைக்கு அப்போதுதான் வந்த மெசினைக் கொண்டுவந்து பின்னேரங்களில் வைத்தேன். இலக்கம் இறங்கியது. ஓரத்தில் கெதியாக. ஆணித் துளையைச் சுற்றி மெல்ல.

புரட்டாசி ஓடிக்கொண்டிருந்தது. காணி வாங்கின வேலிக்காரன் கம்பிச் சுருளைக் கொண்டுவந்து போட்டான். டொக்டர் போய் அவனிடம் பத்து நாள் கேட்டு வாங்கி வந்தார். அவன் பிறந்தபோது கையில் ஏந்தியவர் அவர்தான். அதை அவனிடம் சொல்லிக்காட்டவில்லை என்றார். சொல்லாமல் யாராவது பத்து நாள் தருவார்களா?

இருபத்தெட்டாம் வெயிலில் செபமாலை அண்ணன் வந்தார். வானத்தைப் பார்த்தார். மேற்கே கறுத்திருந்தது. வெட்டின இடத்தைத் தடவினார். மெசினைப் பார்த்தார்.

“இது எந்த ஊர் மெசின்?”

“தெரியாது.”

“எங்கட வாவியத் தெரியுமா அதுக்கு?” என்றார். “ஓரம் காஞ்சிட்டுது மனே. நடுவில ஒள்ளுப்பம் ஈரந்தானே. மழை இறங்கினா மறுகா எல்லாம் பிழையாப் போகும். திருகோணமலையான் மனம் மாறிப்போனா? அந்த லொறிக்காரன் ரெண்டு நாளைக்கொருக்கா வந்து பாக்கிறான். மூடு.”

அவர் சொன்னதில் ஒன்றும் பொய்யில்லை. மழை வரப் பார்த்தது. தவராசா வந்துகொண்டுதான் இருந்தார். பத்து நாளில் நாலு போய்விட்டது. ஒன்பது வருடத்துக்கு முன்னும் எல்லாம் இப்படித்தான் இருந்தது. மழை, அவசரம், டொக்டர் நின்ற நிலை. என் கையும் ரெசின் வாளிக்குப் போகப் பார்த்தது. அதை நான் ஒளிக்கவில்லை.

“அண்ணன்” என்றேன். “சாப்பிட்டீங்களா?”

அவர் என்னைப் பார்த்தார்.

“போய்ச் சாப்பிட்டு வாங்க.”

நின்றார். மூக்கால் காற்று விட்டார். பிறகு சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு தெருப்பக்கம் நடந்தார். கடையில் இரண்டு ரொட்டி தின்றுவிட்டு எனக்கும் கட்டிக்கொண்டு வந்தார். வந்தவர் மூடு என்று சொல்லவில்லை. தகரத்தின் மற்றத் தொங்கலைப் பிடித்தார். அன்றிலிருந்து இரண்டு பேராக நகர்த்தினோம்.

மேற்கே கறுத்தது இரண்டு நாள் தூறிவிட்டுப் போனது. படங்கு கட்டினோம், அவிழ்த்தோம். பத்து நாள் முடிந்தும் வேலிக்காரன் எங்களை எழுப்பாமல், எங்களைச் சுற்றி மற்ற மூன்று பக்கமும் அடித்துக்கொண்டு வந்தான். ஒரு பின்னேரம் மெசின் ஆணித் துளையிலும் ஓரத்திலும் ஒரே இலக்கத்தைக் காட்டியது. மறுநாளும் அதையே காட்டியது. மூன்றாம் நாளும். அன்று புதுப் பலகை வைத்து மூடினேன்.

மப்பு நாளை நான் எண்ணவில்லை. பாதியில் மறைந்த நாளையும் எண்ணவில்லை. முழு வெயில் மட்டும்.

முப்பத்தேழு.